ஐஸில் வைத்த போத்தலும் உன் பெயரும்

அப்பன்,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு இன்றைய என்னைவிட வயது கூடவாக இருக்கும். பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் தலை நரைத்த பிறகு, பிள்ளையின் கலியாணத்துக்கோ பயணத்துக்கோ எழுதுவார்கள் என்று உன் அப்பா சொல்லிச் சிரிக்கிறார். எனக்குப் பத்தொன்பது வயது. நீ கட்டிலில் எனக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு நித்திரை கொள்கிறாய். நேற்றுத்தான், நீ பிறந்து முப்பத்தோராம் நாள், பிறந்த வீட்டுத் தீட்டுப் போக உனக்குத் துடக்குக் கழித்தோம். நான் கதைக்கக் கூச்சப்படுகிறவள். இங்கே இத்தாலியில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் என் பெயரைக் கூப்பிட்டால் எழும்பி நிற்பேன், வாய் திறக்காது, பிறகு இருப்பேன். பதினாறு வயதில் படிப்பை விட்டபோது அங்கே ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் எழுதினால் எனக்கு ஓரளவு வரும். அதனால் உன் பெயர் உன்னிடம் எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். அது என்ன பெயர் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அது உன்னோடு நிற்குமா போய்விடுமா என்று நேற்று வரைக்கும் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் முறைப்படி துடக்குக் கழிந்த பிறகுதான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, காதில் பெயர் சொல்வார்கள். அதுவரைக்கும் நீ வெறும் குஞ்சு, அப்பன், ராசா. இத்தாலிக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் கொமூனே என்கிற நகரசபைக் கந்தோருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து படுத்திருந்தேன். உன் அப்பாவும், என் அப்பாவான உன் அம்மப்பாவும் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போய், கஸ்பரே என்று பதிந்துவிட்டு, கையில் ஒரு பெட்டி கேக்கோடு வந்தார்கள். "பிள்ளை, ஊரிலை ஐயரிட்டையும் கேட்டனான். உன்ரை மகன்ரை நட்சத்திரத்துக்கு 'கா'விலை தொடங்கிற பேர் வரலாமாம். 'கா'வும் 'க'வும் ஒண்டுதானே," என்றார் அம்மப்பா. நான் ஓம் என்றேன். எனக்கு அப்போது எதற்கும் ஓம்தான்.

கஸ்பரே யார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோரா, பெரிய வீட்டு அம்மா, இருக்கிறா. நாங்கள் வன்னியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது அம்மப்பாவுக்கு முதல் வேலை கொடுத்தவ அவதான். வீடு கூட்டுவது, எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடுவது, சாமான் வாங்குவது எல்லாம் அம்மப்பா. அவவின் ஒரே மகன் கஸ்பரே, தொழில்முறையாகச் சைக்கிள் ஓடியவன். ஆனால் பெரிய வீரன் இல்லை. சைக்கிள் குழுவில் ஒருத்தன்தான் வெல்ல வேண்டியவன். மற்றவர்கள் அவனுக்காக ஓடுகிறவர்கள். காருக்குப் பின்னால் போய்த் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்து கொடுப்பார்கள். காற்றடித்தால் முன்னால் நின்று மறைப்பார்கள். அவன் சில்லுக்குக் காற்றுப் போனால் தங்கள் சில்லைக் கழற்றிக் கொடுப்பார்கள். கஸ்பரே அந்த வேலைக்காரரில் ஒருத்தன். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மப்பாவுக்கு அவனில் ஒரு பிடிப்பு. "அவனும் எங்களை மாதிரித்தான் பிள்ளை. தண்ணி காவுறவன்," என்பார். வன்னியில் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீடு முழுவதையும் ஒரு சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனவர் அவர். மேலே சட்டி பானை, அதற்கு மேலே நான். என் அம்மா வழியிலேயே போய்விட்டா. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். அந்தச் சைக்கிளில் ஏறி ஓடியது குறைவு, தள்ளியதுதான் கூட.

ஒரு வருடம், நாங்கள் வந்து கொஞ்சக் காலம்தான், வடக்கில் ஒரு மலை ஓட்டத்தில் கஸ்பரேயின் தலைவன் காய்ச்சலில் பின்தங்கிவிட்டான். அன்றைக்கு மட்டும் கஸ்பரேயைத் தன் பாட்டில் ஓடச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் பகேரியாவுக்குப் போயிருந்தேன். சிஞ்ஞோரா செபமாலையோடு டிவிக்கு முன்னால். அம்மப்பா தூசு துடைக்கிற துணியோடு கதவு நிலையில் நின்றார். "இரு சிவா, இரு," என்று அவ கத்தினா. அவர் இருக்கவில்லை. அந்த வீட்டுக் கதிரையில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. மலை உச்சி கிட்ட வர, அம்மப்பா துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு இந்த ஊரைக் காக்கிற புனிதையிடம் தமிழில் சொன்னது எனக்குக் கேட்டது. "ரொசாலியாத் தாயே, இவன் வெண்டா உன்ரை மலைக்குச் செருப்பில்லாமல் ஏறுவன்." கஸ்பரே வென்றான். சிஞ்ஞோரா அழுதுகொண்டு அம்மப்பாவைக் கட்டிப் பிடித்தா. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அதே கிழமை பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவிலிருந்து எங்கள் பெர்மெசோவும் வந்தது, இங்கே இருக்கலாம் என்கிற அந்தக் காட். அவர் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டார். கஸ்பரே வென்றதால் எங்களுக்குக் கதவு திறந்தது என்று.

ரொசாலியாவின் மலைக்கு எங்கள் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுவது உனக்குத் தெரியும், உன்னையும் தூக்கிக்கொண்டு போயிருப்போம். அம்மப்பா நேர்த்திக்கடன் தீர்க்கப் போன அன்றைக்கு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு ஏறினேன். கல் சுட்டது. பழைய கல்பாதை கார் ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடமெல்லாம் சைக்கிள்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அம்மப்பா நின்று ஒவ்வொருத்தனுக்கும் கை தட்டினார். "ஏறு ராசா, ஏறு, ஏறு!" ஒரு கிழவன் சைக்கிளில் இருந்தபடியே எங்கள் வெறுங்காலைப் பார்த்து, "உங்களுக்குச் சைக்கிள் வாங்கக் காசில்லையா?" என்று பகிடி விட்டான். அம்மப்பா அதற்கும் கை தட்டினார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முந்தியும் பார்க்கவில்லை, பிந்தியும் பார்க்கவில்லை. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார், எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் அது கஸ்பரே என்று. எனக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளை பெறப் போகிறவள் நான்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி மற்றது. கொமூனேயில் பதிந்து ஒரு கிழமையில், உன் அப்பா உணவகத்துச் சமையலறையிலிருந்து வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றாமலே போனை நீட்டினார். "மாமா, உங்கடை கஸ்பரே பிடிபட்டிட்டான்." அம்மப்பா உன்னுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கை பிடிபட்டது? அவன்தான் ஓட்டத்தை விட்டு, பகேரியாவிலை சைக்கிள் கடையெல்லோ வைச்சிருக்கிறான்?" உன் அப்பா விளங்கப்படுத்தினார். ஓட்டம் முடிந்ததும் வீரர்களுடைய மூத்திரத்தை இரண்டு போத்தலில் எடுத்து மூடி முத்திரை வைப்பார்களாம். சோதித்த பிறகும் மிச்சத்தை எறியாமல் ஐஸில் வைத்திருப்பார்களாம். அந்த நேரத்து மெசினுக்குப் பிடிபடாத மருந்து, பிறகு வருகிற நல்ல மெசினுக்குப் பிடிபடலாம் என்று. இப்போது பழைய போத்தல்களை எடுத்துத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். கஸ்பரே வென்ற அன்றைய போத்தலில், இரத்தத்தைக் கூட்டுகிற ஊசி மருந்து இருந்திருக்கிறது. அந்த வெற்றியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"இவ்வளவு வருசமா மூத்திரத்தை ஆர் தம்பி வைச்சிருக்கிறது? சும்மா கதை விடாதையும்," என்றார் அம்மப்பா.

"உண்மையா மாமா. இஞ்சை பாருங்கோ, படமும் போட்டிருக்கு."

அம்மப்பா படத்தைப் பார்த்தார். பிறகு உன்னுடைய சின்னச் சட்டையைத் திரும்ப விரித்து, திரும்ப மடித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் என்னிடம் வந்து, "பிள்ளை, நான் பொய் வெற்றிக்கு நேர்த்தி வைச்சிட்டன்," என்றார். "ரொசாலியாத் தாய்க்குத் தெரியாமல் வாங்கிட்டம். குடுத்ததைத் திருப்பிக் கேப்பா." எங்களுடைய பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. இங்கே வந்த புதிதில் அதிகாரிகள் முன்னால் இருந்து, வன்னியில் நடந்ததையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். முழுவதும் உண்மை. "எண்டாலும் பிள்ளை, அந்தப் பேப்பரும் எங்கையோ ஐஸிலைதானே கிடக்கும். ஒருநாள் எடுத்துத் திரும்பச் சோதிச்சா?" உண்மை சொன்ன மனிதர் பயப்பட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பெர்மெசோவைவிட உன்னைப் பற்றித்தான் பயம். அந்தப் பெயர் உன்மேலே இருந்தால் தாய் உன்னையே கேட்டுவிடுவா என்று. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உன்னைத் தூக்குவதை நிற்பாட்டிவிட்டார்.

உன் அப்பாவுக்கு வேறு பிரச்சினை. சமையலறையில் தலைமைச் சமையல்காரன் தினமும், "மகன் எப்படி? பாலில் என்ன கலந்து கொடுக்கிறாய், இப்படி வேகமாக வளர்கிறானே?" என்று கேட்டுச் சிரிக்கிறானாம். அதற்காக உன் அப்பா பெயரை மாற்ற ஓடவில்லை. பதிந்த பெயரை மாற்ற எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்று விசாரித்துவிட்டு, "பேப்பரிலை கிடக்கட்டும் மாமா. வீட்டிலை வேறை பேர் கூப்பிடுவம்," என்றார். அம்மப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பேப்பரிலை இருக்கிறதுதான் பேர். அதாலைதானே இந்த ஊரிலை இருக்கிறம்." இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். "நீர் என்ன சொல்லுறீர்?" என்று உன் அப்பா கேட்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று உனக்கு எழுதத்தான் வேண்டும். உன்னைப் பெறும்போது எனக்கு முதுகில் ஊசி போட்டு, வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நீ அழுதாய். எனக்கு ஒன்றும் நோகவில்லை. பிறகு ஊசி விட்டது, கால் திரும்பி வந்தது, காயம் நொந்தது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று திரும்பி வரவில்லை. பால் தந்தேன், துடைத்தேன், தாலாட்டினேன், எல்லாம் சரியாகச் செய்தேன். முகத்தைப் பார்த்தாலே போதும், மனம் நிறைந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நிறையவும் இல்லை, குறையவும் இல்லை. உன் பெயரைப் பற்றிக் கேட்டபோதும் அப்படித்தான். வேறு வீட்டுப் பிள்ளையின் பெயரைப் பற்றிக் கேட்கிறார்கள் போல இருந்தது. உனக்கும் ஒருநாள் இப்படி வந்தால், நீ கெட்டவன் என்று நினைத்துவிடாதே. யாரிடமாவது சொல்லு. நான் சொல்லவில்லை. நீதான் முதல்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. சிஞ்ஞோரா படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தா. பின்னால் கஸ்பரே. டிவியில் பார்த்ததைவிடக் கட்டை, முன்மயிர் கொட்டியிருந்தது. கையில் நீலத் தாளில் சுற்றிய பொதி. துடக்கு வீட்டில் வெளியாட்களுக்குத் தண்ணி வென்னி கொடுப்பதா என்று அம்மப்பா யோசித்துக்கொண்டு நிற்க, சிஞ்ஞோரா நேரே குசினிக்குள் போய்க் கோப்பிப் பாத்திரத்தைத் தேடினா. "சிவா, இந்த வீட்டில் கோப்பி இல்லையா? என்ன வீடு இது! எட்டு வருடமாக உனக்குக் கோப்பி போடப் பழக்கினேனே!" அவவின் சத்தத்தில் நீ எழும்பி அழுதாய். அவ ஓடி வந்து உன்னைத் தூக்கி, "வா என் தங்கம். பார், அம்மாவின் மூக்கு, பாவம்," என்றா. மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கஸ்பரே கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே அம்மப்பாவிடம் சொன்னான். "சிவா, பெயரை மாற்றிவிடுங்கள். செலவை நான் தருகிறேன். ஒரு குழந்தை இதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்."

அம்மப்பா கதிரையை அவன் பக்கம் தள்ளினார்.

"இரண்டாவது போத்தலைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அதிலும் அதுதான் இருக்கும். அந்த நேரம், அடுத்த வருடம் என்னை வேலைக்கு வைத்திருப்பார்களோ என்று பயம். வெல்லுவதற்காகக்கூட இல்லை. தண்ணீர் காவுகிற வேலையைக் காப்பாற்றத்தான் போட்டேன்."

சிஞ்ஞோரா உன்னை ஆட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டா.

அம்மப்பா அவனுடைய காலையே பார்த்தார். பிறகு தன்னுடைய உடைந்த இத்தாலியனில் கேட்டார். "அன்றைக்கு. மலை. கால் நொந்ததா?"

கஸ்பரே இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருப்பார்கள், இதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் யோசித்தான். "நொந்தது," என்றான். பிறகு, "ஆனால் நோக வேண்டிய அளவுக்கு நோகவில்லை, சிவா. நான் செய்த பிழை அதுதான், வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. அவ்வளவுதான்," என்றான்.

நான் படுக்கையில் இருந்தபடி அதைக் கேட்டேன். இத்தனை நாள் எனக்குள் இருந்ததற்கு யாரோ வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. அவர்கள் கோப்பி குடிக்காமலே போனார்கள். பொதிக்குள் ஒரு சின்ன மஞ்சள் தொப்பி, சைக்கிள்காரர் போடுவது, உனக்கு மூன்று வயதில்தான் அளவாக வரும்.

நேற்று நடந்தது இது. வீடு கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, என்னையும் உன்னையும் முழுக வார்த்தார்கள். மேல்வீட்டு ராசன் அண்ணை தன் தொட்டிலைக் கொண்டுவந்து கட்டினார். வாய் ஓயாத மனிதர். "என்னண்ணை, தொட்டிலிலை போட முந்திப் பெடியன்ரை மூத்திரத்தை ஒருக்காச் சோதிச்சனீங்களோ?" என்று அம்மப்பாவைக் கேட்டார். சனம் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்துவிட்டார். "அவன் இப்ப என்ரை மடியிலை பெய்ததை வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போ," என்றார் அம்மப்பா. ஆனால் அவருடைய கை உன்னில் படவில்லை, உன் அப்பா வைத்துவிட்டபடியே நீ அவர் மடியில் துணியோடு கிடந்தாய். அவர்தான் காதில் பெயர் சொல்ல வேண்டியவர். அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நான் ஒரு புதுப் பேர் யோசிச்சு வைச்சிருக்கிறன். பேப்பர் அலுவலைப் பிறகு பாப்பம். சொல்லட்டோ?"

எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறப்பேன் என்று ஒருவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

"கஸ்பரே," என்றேன். கேட்கவில்லை. மேல்வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்ப, பலமாக, "கஸ்பரே எண்டே சொல்லுங்கோ அப்பா," என்றேன்.

"ஏன் பிள்ளை?" அம்மப்பா மெல்லக் கேட்டார். "அவன் அண்டைக்கு வெல்லேல்லையே."

"வெண்டதுக்கு வைக்கேல்லை அப்பா. நீங்கள் கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னவரெல்லோ. ரொசாலியாத் தாய்க்கு அதைச் சொல்லுங்கோ. நீங்கள் ஏறினது உங்கடை காலாலைதானே. அதிலை ஆரும் ஊசி போடேல்லை."

அம்மப்பா துணியோடு உன்னை அள்ளி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, உன் காதுக்குள் குனிந்தார். முறைப்படி மூன்று தரம் கஸ்பரே என்றார். ராசன் அண்ணைகூடப் பகிடி விடவில்லை.

அப்பன், பெயரைப் பிடிக்காவிட்டால் நீ வளர்ந்த பிறகு மாற்றிக்கொள். நான் கோபிக்க மாட்டேன். ஆனால் யாரோ சிரிக்கிறார்கள் என்பதற்காக மாற்றாதே. நீ செய்கிற எதையும் யாரோ எங்கேயோ எடுத்து வைத்திருந்து, பிறகு சோதிப்பார்கள் என்ற பயத்தில் நல்லவனாக இருக்காதே. அந்தப் பயம் உன் அம்மப்பாவைப் போல உண்மை சொன்னவனையும் தின்னும். யாராவது உன் முன்னால் வந்து நேரே கேட்டால், உள்ளதைச் சொல்லு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்தி. பெர்மெசோ இன்னும் வரவில்லை. அம்மப்பா அடுத்த ஞாயிறு மலைக்குப் போகிறார், செருப்போடு.

இன்றைக்கு எனக்குத் தொண்டை நோகிறது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் நான் ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. நீ இப்போது நித்திரையில் ஒருமுறை சிணுங்கினாய். உன் பெயரைச் சொல்லித் தட்டினேன். தொண்டையில் தொடங்கி, நெஞ்சுக்குள் இறங்கி, காயம் வரைக்கும் நொந்தது. நோக வேண்டிய அளவுக்கு நொந்தது.